மூன்று நாள் நட்பு, பத்து நாள் மௌனம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். சீருடைப் பாவாடை ஓரம் முழுக்கச் சேறு. ஷூ காயவில்லை. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறேன்.

இந்த நோட்டில் தமிழ் மட்டும். ஈரோட்டில் ஆறாவது வரை படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே வசதி. இங்கே, இந்தக் கன்னட ஊரில், ஒன்பதாவதில் முப்பத்தாறு பேர், யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஒருத்திக்குத் தெரியும். அவள் அடுத்தவர் பையைத் தொடுகிறவள் இல்லை.

நாளைக்கு:
கிராஃப் நோட்டு
கன்னடம் இரண்டாம் பாடம் மனப்பாடம்
சனிக்கிழமைகளில் சயின்ஸ் கிளப் உண்டு என்று அம்மாவிடம் சொல்ல

கிளப்பின் முதல் கூட்டம் இன்று. மஞ்சுளா மிஸ் ஐந்து நிமிடம் இருந்தார். எரிமலை மாடல் வேண்டாம், மழைநீர்த் தொட்டி வேண்டாம், மாவட்டப் போட்டி ஆகஸ்ட் இரண்டு, புதிதாக யோசியுங்கள். போய்விட்டார். எங்கள் குழுவில் திஷா, பூர்விகா, நான். (இனி திஷா என்பது தி.)

தி. குழுவில் சேர எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஏழாவதில் வந்த புதிதில், கழிவறைக்குப் போகணும் என்பதைக் கன்னடத்தில் தப்பாகச் சொல்லி வகுப்பே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது தி. இப்போது அவள் பக்கத்தில் என் நாற்காலி. அதை விடுவதாக இல்லை.

ஐடியா தி.யுடையது. அவள் அப்பா டாக்டர். அவருடைய பத்திரிகையில் படித்தாளாம். தனியாக அடைத்து வைத்த எலிக்கு ஞாபகம் குறைகிறதாம். பூர்விகா கேட்டாள், எலிக்கு எங்கே போவது என்று. தி. தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் ஆரோக்கியமேரி. (இனி ஆ.) ஜூனில் சேர்ந்தவள். ஊர் மார்டள்ளி, காட்டோரத்தில் தமிழ் பேசுகிற ஒரு கிராமம். அப்பா விவசாயம். இங்கே சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறாள். கன்னடம் பேசினால் தமிழ் வாசனை அடிக்கும். அவள் பெயரைச் சுருக்கி ‘ரோகி’ என்று கூப்பிடுகிறார்கள். கன்னடத்திலும் அதற்கு நோயாளி என்றுதான் அர்த்தம். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

திட்டம், தி. சொன்னபடி: தினமும் காலை லேபில் ஞாபகச் சோதனை. இருபது சொற்களை ஒரு நிமிடம் பார்க்கணும், மூடிவிட்டு எழுதணும். முதல் மூன்று நாள் ஒருத்தி அவளுக்கு நெருங்கிய தோழி. அடுத்த பத்து நாள் வகுப்பில் யாரும் அவளோடு பேசக்கூடாது, அந்தத் தோழியும். மார்க் எவ்வளவு இறங்குகிறது என்று கிராஃப்.

“முதல்ல நட்பு எதுக்கு?” என்றாள் பூர்விகா.

“இறங்கணும்னா முதல்ல ஏறியிருக்கணும் இல்ல?” என்றாள் தி.

தோழி நான்தானாம். ஏன் நான் என்று கேட்டேன்.

“நீனு தமிளவளு தானெ. பேக ஆகத்தெ.” நீ தமிழ்க்காரிதானே, சீக்கிரம் நடந்துவிடும் என்கிறாள்.

நான் தமிழ்க்காரி என்பது இந்த வகுப்பில் ஒரு தகுதியாக எண்ணப்பட்டது இதுவே முதல் தடவை. சரி என்றேன்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. ஷூ நாற்றம்.

நட்பு, நாள் 1. டிபன் டப்பாவோடு கடைசி பெஞ்சுக்குப் போய், “இங்க உக்காரலாமா?” என்று தமிழில் கேட்டேன். ஆ. வாயிலிருந்த சோற்றை விழுங்காமல் பார்த்தாள்.

“நீ தமிழா? ஒரு மாசமா ஒரே கிளாஸ்ல இருக்கறம். சொல்லவே இல்ல?”

“நீ கேக்கல.”

“எப்படிக் கேக்கறது? நீ அவுங்ககூட இருப்பே.”

அப்புறம் நிறுத்தவில்லை. ஒரு மாதம் அடைத்து வைத்திருந்த பேச்சு. அவர்கள் வயக்காட்டில் மக்காச்சோளம், மஞ்சள். யானை இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டுவார்களாம். விடுதி உப்புமாவுக்குப் பெயர் சிமெண்ட். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடுவாளாம். பெரியவளானால் விதை ஆராய்ச்சி. ஊருக்கு வந்த வேளாண்மை அதிகாரி அம்மா ஒருவர் கைப்பையில் முப்பது வகை ராகி வைத்திருந்தாராம், அதைப் பார்த்ததிலிருந்து.

“சயின்ஸ் கிளப்புக்கு மிஸ்ஸு பேரு எழுதுனப்ப நானும் கை தூக்குனேன். அவுங்க பாக்கல.”

“இப்ப நீயும் இருக்கே. நாளைலிருந்து காலையில எட்டரைக்கு லேபுக்கு வா. ஞாபக சக்தி டெஸ்ட். எங்க ப்ராஜெக்ட்டுல நீயும்தான்.”

“நெசமாவா?” என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

முதல் சோதனையை இன்று மாலையே வைத்தோம். பதினொன்று.

ஜூலை 11, வெள்ளி

நாள் 3. மார்க் பன்னிரண்டு.

மதியம் ஆ. மஞ்சுளா மிஸ் மாதிரி நடந்து காட்டினாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “சைலென்ஸ்ஸு, ப்ளீஸ்ஸு.” எனக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. இது திட்டத்தில் இல்லை. ப்ராஜெக்ட் குறிப்பேட்டில் ‘நெருக்கம் ஏற்பட்டுவிட்டது’ என்று மட்டும் எழுதினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். அவள் விடுதி எதிர்த்திசை. பஸ் கிளம்பும்வரை நின்றாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

“மார்டள்ளிப் புள்ளையா? நம்ம பேச்சே பேசுமே. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா கண்ணு.”

“விடுதியில விடமாட்டாங்கம்மா.”

“அப்ப திங்கக்கெழம கச்சாயம் சுட்டுத் தாரேன். கொண்டு போய்க் குடு.”

தி. போன். எல்லாம் ரெடியா என்றாள். ரெடி. கடைசியில், “அளபேட மத்தெ” என்று சிரித்தாள். நான் எதற்கு அழப்போகிறேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி தூறல். குடை மறந்தேன்.

மௌனம், நாள் 1. பிரார்த்தனை வரிசையிலேயே தி. எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பதில் சொல்லாதே. முகத்தைப் பார்க்காதே. திட்டாதே, அடிக்காதே, அது மௌனம் ஆகாது. டீச்சர் இருந்தால் சாதாரணமாக இரு. ஒருத்தியாவது ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். பத்து நாளா, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தா என்றுதான் கேட்டார்கள். பள்ளி நாள் மட்டும் என்றாள் தி.

ஆ. வந்ததும் நேராக என்னிடம். “சுகன்யா, நேத்து பூசையில என்ன நடந்துச்சு தெரியுமா…” நான் பையில் எதையோ தேடினேன். காதில் விழவில்லை என்று நினைத்துத் தோளைத் தொட்டாள். எழுந்து தி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எண்ணுவது என் வேலை. இன்று என்னிடம் பேச முயன்றது ஒன்பது தடவை. மற்றவர்களிடம் நான்கு.

மதியம் கடைசி பெஞ்சில் எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தாள். நாங்கள் மூவரும் முன்னால் உட்கார்ந்து கச்சாயம் தின்றோம். பூர்விகா விரலை நக்கினாள். ஆ.வுக்கு வாசனை போயிருக்கும். வெல்லமும் எண்ணெயும், அவர்கள் வீட்டிலும் சுடுவார்கள்தானே.

அம்மா கேட்டாள், புள்ளைக்குப் புடிச்சுதா என்று. ரொம்பப் பிடித்தது என்றேன்.

ஜூலை 16, புதன்

கணக்கு டெஸ்ட். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. தி. இருபத்து மூன்று.

நாள் 3. என்னிடம் பேச முயன்றது இரண்டு தடவைதான். குறைந்துகொண்டே வருகிறது. தி. ஒரு சின்ன கிராஃப் இதற்கும் போடச் சொன்னாள்.

கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு. தமிழில். “நான் என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லு சுகன்யா. திருத்திக்கிறேன்.”

நான் மடிப்பதற்குள் தி. பார்த்துவிட்டாள். படித்துக் காட்டச் சொன்னாள். கன்னடத்தில் சொன்னேன். ‘திருத்திக்கிறேன்’ என்பதற்குச் சரியான வார்த்தை வரவில்லை. “போதும், புரிந்தது” என்றாள். சீட்டு இப்போது ப்ராஜெக்ட் ஃபைலில் ஒட்டியிருக்கிறது. பூர்விகா பிங்க் பேனாவால் மூலையில் ‘நாள் 3’ என்று போட்டாள்.

காலைச் சோதனையில் பதினான்கு. பூர்விகா இரண்டு தடவை எண்ணினாள்.

எட்டரைக்கு வரச் சொன்னால் எட்டே காலுக்கே லேப் வாசலில் நிற்கிறாள். பூர்விகா பேசாமல் தாளை வைக்கிறாள், பேசாமல் எடுக்கிறாள். ஆ. ஒவ்வொரு தடவையும் “தேங்க்ஸ்” என்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

விளையாட்டு பீரியட். த்ரோபால். யாரும் ஆ. பக்கம் பந்து போடவில்லை. பி.டி. சார், தூங்குறியா என்று அவளைத்தான் அதட்டினார். நாற்பது நிமிடம். பிடிக்கத் தயாராகக் கைகளை நெஞ்சுக்கு நேராக வைத்தபடியே நின்றாள். நாற்பது நிமிடம் என்று குறித்தேன்.

இன்று யாரிடமும் பேச முயலவில்லை. பூஜ்யம்.

அம்மா ஜாக்கெட் துணி எடுக்க தேவராஜ மார்க்கெட் பக்கம் போனாள். எனக்குப் புது ஹேர்பேண்ட். கருநீலம்.

ஜூலை 19, சனி

அரை நாள் பள்ளி. வெயில் அடித்தது.

இதை எழுதவா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போட்டி விதிப்படி பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். மூன்றாவது சனிக்கிழமை விடுதிப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டிலிருந்து வருவார்கள். தி. படிவத்தைக் கொடுத்து, அவள் அப்பாவிடம் வாங்கு, அவரோடு நீ பேசலாம், அவர் வகுப்பில் இல்லையே என்றாள்.

விடுதி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஆ.வின் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தும் மடிப்புக் கலையவில்லை. கையில் துணிப்பை. பக்கத்தில் ஆ.

“நீங்கதான் சுகன்யாங்களா அம்மிணி? போன்ல புள்ள உங்களப் பத்தித்தான் சொல்லுமுங்க. நம்ம பேச்சுப் பேசற புள்ள ஒண்ணு கெடச்சிருச்சுப்பான்னு.”

அவள் இந்த ஆறு நாளை வீட்டில் சொல்லவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கையெழுத்து வேணுங்க. சயின்ஸ் கிளப்புக்கு.”

“இங்கிலீசாட்ட இருக்குதே. நமக்கு வராதுங்க. நீங்களே படிச்சுச் சொல்லிருங்க சாமி.”

படித்தேன். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. “இந்த மாணவி சயின்ஸ் கிளப்புல நல்லாப் பங்கெடுக்கறா. ஞாபக சக்தி ஆராய்ச்சியில சேந்திருக்கறா. அதுக்கு அப்பா முழு மனசோட சம்மதிக்கறாரு.” என் விரல் நின்ற இடத்தில், ‘பத்து நாட்களுக்கு வகுப்பு மாணவிகள் எவரும் இவருடன் பேசமாட்டார்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

ஆ. கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம். ஒரு இடத்தில் அசைவது நின்றது. மறுபடி தொடங்கியது. மடித்து அப்பாவிடம் கொடுத்தாள்.

“போடுங்கப்பா.”

பையைத் தரையில் வைத்து, தொடையில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் போட்டார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம். “எங்க காட்டு மஞ்சளுங்க. அரைச்சது. அம்மாகிட்டக் குடுங்க. நீங்க ஒருத்தராச்சும் இருக்கீங்கன்னுதான் ஊட்ல தைரியமா இருக்கறமுங்க. மாதா உங்கள நல்லா வெச்சிருப்பா.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா அதைப் போட்டு ரசம் வைத்தாள். என்ன நிறம் பாரு என்றாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

பூர்விகாவுக்குக் காய்ச்சல். சோதனைத் தாளை நான் வைத்தேன். ஆ. என்னைப் பார்க்கவில்லை. வழக்கமான ‘தேங்க்ஸ்’ இல்லை. சொற்களைப் பார்க்கும்போது உதட்டோரம் லேசாகச் சிரிக்கிற மாதிரி. நிமிடம் முடிந்ததும் விறுவிறுவென்று எழுதினாள்.

பதினாறு.

ஜூலை 24, வியாழன்

நாள் 10. முடிந்தது. கடைசி மார்க் பதினேழு.

பதினேழு. நான் அந்தச் சோதனையை எழுதிப் பார்த்தேன், எனக்குப் பன்னிரண்டு.

தி. தாள்களை மேஜையில் வீசினாள். “இவளிகெ மனஸ்ஸே இல்வா?” பத்து நாள் ஒருத்தர் பேசவில்லை, இறங்காமல் ஏறுகிறதே, இவளுக்கு மனசே கிடையாதா என்று கத்தினாள். எலிக்குக்கூட இறங்கியதாம்.

மௌனம் முடிந்தது என்று வகுப்பில் அறிவிப்பு. இரண்டு பேர் ஓடிப்போய், “ஹாய் ரோகி, ப்ராஜெக்ட் முடிஞ்சாச்சு!” என்றார்கள். ஆ. தலையை ஆட்டினாள். நான் போகவில்லை. முன்னால் இருந்தபடி பார்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

அட்டவணை போடுவது என் பொறுப்பு. தி. சொன்னாள், ஏறினால் ப்ராஜெக்ட் இல்லை, இறங்கியே ஆக வேண்டும் என்று.

இறக்கினேன். பன்னிரண்டில் தொடங்கி ஆறு வரைக்கும். நேராக இறங்கினால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒருநாள் ஒன்று ஏற்றி வைத்தேன். அது யாரும் சொல்லித் தரவில்லை. என் சொந்த யோசனை.

“ஜாணெ!” என்று தி. என் கன்னத்தைத் தட்டினாள். கெட்டிக்காரியாம். சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

அசல் தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் குளிர்ச் சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

சார்ட் பேப்பர் நான்கு, தெர்மோகோல் ஒன்று, பெவிகால். பூர்விகா கிராஃப் கோட்டைச் சிவப்பில் வரைந்திருக்கிறாள். தலைப்புக்கு மேலே பெட்டிக்குள் உட்கார்ந்த ஒரு எலி. அழகாக வரைகிறாள்.

மஞ்சுளா மிஸ் பார்த்துவிட்டு, மிகப் புதுமை என்றார். சார்ட்டில் பெயருக்குப் பதில் போட்டிருந்த ‘மாணவி ஏ’ யார் என்று கேட்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு எலியின் வால் கொஞ்சம் நீளம் என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

சரஸ்வதிபுரத்தில் ஒரு பள்ளி மண்டபம். மூடிய ஜன்னல்கள், வெளியே மழை. கைதட்ட ஆள் வேண்டும் என்று வகுப்பையே பஸ்ஸில் கூட்டிப் போயிருந்தார்கள். ஆ. மூன்றாவது வரிசை ஓரத்தில்.

தி. ஆங்கிலத்தில் பேசினாள். நன்றாகப் பேசுவாள். பூர்விகா சார்ட்டைப் பிடித்தாள். நான் குச்சியால் கிராஃபைக் காட்டினேன். நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டவர். சம்பந்தப்பட்ட மாணவிக்கு இது தெரியுமா என்று கேட்டார். சம்மதப் படிவம் இருக்கிறது என்று தி. தூக்கிக் காட்டினாள். தமிழில் போட்ட அந்தக் கையெழுத்து.

“மேடம், அது தப்பு.”

ஆ. எழுந்து நின்றிருந்தாள்.

யாரம்மா நீ என்று நடுவர் கன்னடத்தில் கேட்டார்.

“நானே அது, மேடம்.”

கன்னடத்தில் சொன்னாளா, தமிழில் சொன்னாளா, தெரியவில்லை. இரண்டிலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பிறகு அவளுடைய கன்னடத்தில், தடுக்கித் தடுக்கி: கடைசி நாள் பதினேழு எழுதினேன். இங்கே ஆறு என்று போட்டிருக்கிறது. அந்தப் பத்து நாளில் ஒரு நாளும் பதின்மூன்றுக்குக் கீழே போகவில்லை. எனக்கு நாள் நாளாகத் தெரியும்.

நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். விடைத்தாள்கள் எங்கே?

தி. என்னைப் பார்த்தாள். மஞ்சுளா மிஸ் என்னைப் பார்த்தார். ஆ. என்னைப் பார்த்தாள்.

லேபில் கூரை ஒழுகியது, எல்லாம் நனைந்துபோய்விட்டது என்றேன். பிழையில்லாத கன்னடம். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

தி. மைக்கில் மெதுவாக, இனிமையாக: “மேடம், அவளுக்கு ஞாபகம் பாதிக்கப்பட்டிருக்கு. அதுதான் எங்க முடிவே.”

மண்டபம் சிரித்தது. எங்கள் வகுப்பு கைதட்டியது. நடுவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார். உட்காரம்மா என்றார். ஆ. உடனே உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு குழு தேர்வு. அதில் எங்களுடையது ஒன்று. பஸ்ஸில் பாட்டு. யாரோ, “ரோகி, இன்னிக்கு என்ன கிழமை, ஞாபகம் இருக்கா?” என்று கத்தினார்கள். நான் ஜன்னல் பக்கம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நூலகம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். குளிர்ச் சட்டைக்கு அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு. சிஸ்டர் பதினைந்து நிமிடம் என்றார்.

பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆ. தலை குளித்து ஈரமுடியோடு வந்தாள். உட்காரவில்லை.

“எதுக்கு வந்தே?”

தாள்களை நீட்டினேன். ஒவ்வொன்றாக எண்ணினாள். பதின்மூன்று.

“தண்ணியில நனஞ்சு போச்சுன்னயே. நல்லாக் காஞ்சிருச்சாட்ட இருக்குது.”

“அன்னிக்கு ஃபாரத்தப் படிச்சப்ப உனக்குப் புரிஞ்சுதா?” என்றேன்.

“புரிஞ்சுது. ரெண்டு வார்த்தைக்கு மட்டும் அப்பறமா டிக்சனரி பாத்தேன்.”

“அப்பறம் ஏன் போடச் சொன்னே?”

“அவரு காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு வந்திருந்தாரு. உன்னயப் பாத்து எப்படிச் சிரிச்சாருன்னு நீயும் பாத்தயில்ல? அந்தச் சிரிப்ப நான் கெடுக்கோணுமா?”

ஜன்னலில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதுக்கப்பறம் தெரிஞ்சேதான் டெஸ்டுக்கு வந்தேன். பேச ஆளில்ல. அந்த இருவது வார்த்தைகூடத்தான் பேசிட்டிருந்தேன். மரம், உப்பு, கடிகாரம்னு வந்தா மரத்தடியில ஒருத்தி உப்பு வித்துட்டு மணி பாக்கறான்னு கத கட்டுவேன். அதான் மறக்கல. உங்க கோட்ட மேல ஏத்திக் காட்டோணும்னு வீம்பு. கெலிச்சிட்டேன்னு நெனச்சேன்.”

முதல் மூன்று தாள்களைத் தனியே எடுத்தாள். “ஒண்ணு கேக்கறேன். அந்த மொத மூணு நாளு. அதுவும் உங்க பேப்பர்ல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“மிஸ்ஸு மாதிரி நடந்தப்ப நீ சிரிச்சியே? அதுகூடவா?”

“அது இல்ல. சத்தியமா அது இல்ல.”

நம்பினாளா, தெரியவில்லை. தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தாள்.

“நான் குடுத்தா நானே எழுதிக்கிட்டேம்பாங்க. நீ மிஸ்ஸுகிட்டக் குடு. குடுத்துட்டு வா. அப்பறம் உன்கூடப் பேசறேன்.”

நாளைக் காலை. முதல் வேலை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். பிரார்த்தனையில் எங்கள் மூவர் பெயரையும் வாசித்தார்கள். கைதட்டல்.

முதல் பீரியட் மஞ்சுளா மிஸ்ஸுக்கு ஓய்வு. டீச்சர்கள் அறையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். தாள்களை மேஜையில் வைத்தேன். நனையவில்லை மிஸ், நான் பொய் சொன்னேன் என்றேன். அழாமல் சொன்னேன்.

மிஸ் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பதினேழு இருந்ததை இரண்டு தடவை. டீயை முடித்தார்.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார்.

“திஷா, பூர்விகா. அப்புறம் ஆரோக்கியமேரிக்கு, மிஸ்.”

“உங்க குழுவுக்கு வெளியில?”

“ஆரோக்கியமேரிக்கு மட்டும்.”

“அப்படின்னா யாருக்கும் தெரியாது.”

தாள்களை மேஜையில் தட்டி, ஓரம் சமமாக்கி, என் பக்கம் நகர்த்தினார். மாநிலப் பட்டியலுக்குப் பள்ளியின் பெயரை அனுப்பியாகிவிட்டதாம். பிரின்ஸிபல் தகவல் பலகையிலும் போடச் சொல்லிவிட்டாராம். “இங்க வைக்காதே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நீ நல்ல பொண்ணு.”

நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். மிஸ் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். தாள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வகுப்பில் கணக்கு சார் இன்னும் வரவில்லை. தி. பக்கத்தில் என் நாற்காலி காலியாக இருந்தது. தாண்டி, கடைசி பெஞ்சு வரை போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“குடுத்தியா?” என்றாள் ஆ.

“குடுத்துட்டேன்.”

“பாத்தாங்களா?”

“எல்லாத்தையும் பாத்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“என்னய நல்ல பொண்ணுன்னாங்க.”

ஆ. என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக மூச்சு விட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.

பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் ஜிப்பை மூடிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தேன்.